ஒரு சாண் சட்டை

போன வார அத்தியாயத்தின் முடிவில் போனைக் காதில் ஒட்டியபடி நடுக்கூடத்தில் சிலையாக நின்றுபோன கத்தரி இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு ஓரிடத்தில் நிற்கவே வராது. விடிந்தும் விடியாத நேரத்தில் பட்டறைக்கு ஓடி, மற்றவர்கள் வருவதற்குள் மூன்று சட்டை தைத்து, அலசி, இஸ்திரிப் பெட்டியாலேயே ஈரத்தை விரட்டி, இதோ, ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள் நிற்கிறாள். லிஃப்ட் ஏறுகிறதா, தான் மிதக்கிறோமா என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. வெளியே மழை. தலைக்குள் பஞ்சு.

கையில் ஒரு காகித உறை. கடிதம் வைக்கிற அளவு உறைதான். மூன்று சட்டையும் அதற்குள் அடங்கிவிட்டன.

உடுத்தப்போகிறவர் அவ்வளவு சின்ன ஆள்.

கத்தரியின் அக்கா பையன். ஏழு வாரம் முந்திக்கொண்டு வந்துவிட்டார். வந்ததிலிருந்து இருபத்தாறு நாளாகக் கண்ணாடிப் பெட்டியில் குடித்தனம். பெயர் இன்னும் வைக்கவில்லை. வார்டு முழுக்க அவர் 'சார்'தான். "சார் காலையில அஞ்சு மில்லி கூடக் குடிச்சாரு." "சார் ரெஸ்ட்ல இருக்காரு, அப்புறம் வாங்க."

பெட்டிக்குள் சாருக்குச் சட்டை தேவைப்படவில்லை. ஒரு இடுப்புத் துணியோடு ராஜாவாகக் கிடந்தார். சூடெல்லாம் பெட்டி உபயம். நேற்று சிஸ்டர் போனில் சொன்ன சேதி இதுதான்: சார் ஒன்றே முக்கால் கிலோவைத் தாண்டிவிட்டார், நாளைக்கு வெளியே எடுத்துத் தொட்டிலில் போட்டுப் பார்க்கலாம். பகல் பன்னிரண்டிலிருந்து மாலை ஆறு வரை. மணிக்கு ஒருமுறை உடம்புச் சூடு பார்ப்பார்கள். முப்பத்தாறரைக்குக் கீழே இறங்காமல் தாக்குப்பிடித்தால் பெட்டிக்கு ஒரு கும்பிடு. இறங்கினால் மறுபடி பெட்டி. அடுத்த முயற்சிக்கு இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும்.

ஆக, பெட்டி செய்த வேலையை இனிமேல் சட்டை செய்ய வேண்டும்.

"முன்பக்கம் முழுசாத் திறக்கணும். பட்டன் கூடாது, நாடா வச்சுப் பக்கவாட்டுல கட்டுற மாதிரி. தையல் விளிம்பெல்லாம் வெளிப்பக்கம் வரணும், தோல்ல உரசக்கூடாது. துவைச்ச பருத்தித் துணி." சிஸ்டர் மருந்துச் சீட்டு வாசிக்கிற மாதிரி வாசித்தார். கூடவே மார்பளவு, உயரம், கைநீளம்.

கத்தரிக்கு இதென்ன பெரிய வித்தை? ஏழு வயதில் ஜன்னல் திரையை வெட்டிப் பூனைக்கு மழைக்கோட்டு தைத்தவள். பட்டப்பெயரே அப்படி ஒட்டிக்கொண்டதுதான். இப்போது கார் சீட்டுக்கு உறை தைக்கிற பட்டறையில் துணி வெட்டுகிறாள். எந்த வண்டியின் சீட்டைக் காட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவாள்.

கண்ணை மூடிக்கொண்டு வெட்டியதில்தான் வந்தது வினை.

மூன்றாவது மாடியில் தாய்மார் அறை. கண்ணாடி ஜன்னல் முழுக்க ஆவி படிந்து, வெளியே ஊர் இருக்கிறதா கரைந்துவிட்டதா என்றே தெரியவில்லை. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் நீலப் பை.

அக்கா தபால் ஆபீசில் பார்சல் பிரிக்கிறவள். எதையும் முன்கூட்டியே கட்டிவைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். ஆறாம் மாதமே சட்டை, காலுறை, போர்வை எல்லாம் வாங்கி, மூன்று தண்ணீர் துவைத்து, இந்தப் பையில் அடுக்கிவிட்டாள். எல்லாம் நிறைமாதத்தில் வரவேண்டிய பிள்ளைக்கு. சாருக்கு அதில் ஒன்றைப் போட்டால் கூடாரத்தில் படுத்த மாதிரிதான். உள்ளே காற்று ஓடும், சூடு நிற்காது. ஆனாலும் தினமும் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். தினமும் திரும்பத் தூக்கிக்கொண்டு போகிறாள்.

"தூங்குனியாக்கா?"

"நான் எந்நேரமும் தூங்கிட்டுத்தான்டி இருக்கேன். கண்ணு மட்டும் திறந்திருக்கு. நீ?"

"நான் நடந்துகிட்டே தூங்குறேன். வா, சாருக்கு டிரஸ் மாத்தலாம்."

முழங்கை வரை கை கழுவி, மேலங்கி மாட்டிக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள். அந்த வார்டுக்குள் நுழைகிற ஒவ்வொரு முறையும் கத்தரிக்குத் தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி இருக்கும். இளநீல வெளிச்சம். எங்கிருந்தோ ஒரு சன்னமான 'ம்ம்ம்'. நடப்பவர்கள் எல்லாம் மெதுவாக, கால் தரையில் பாவாமல் நடப்பதுபோல. வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒருவர் மிதந்துகொண்டிருந்தார்.

சிஸ்டர் பெட்டியின் வட்டக் கதவு வழியாகக் கைவிட்டு உடுத்தினார். மூன்றே நிமிடம்.

ஆஹா! ஒரு சுருக்கம் இல்லை, ஒரு மடிப்பு இல்லை. தோள் தோளில் உட்கார்ந்திருக்கிறது, பக்கம் பக்கத்தில் படிந்திருக்கிறது. ஷோரூமிலிருந்து அப்படியே இறக்கிய மாதிரி.

"எப்படி சிஸ்டர்?" கத்தரியின் வாய் காதுவரை போயிருந்தது.

சிஸ்டர் குனிந்தார். நாடாவுக்கும் வயிற்றுக்கும் நடுவே சுண்டுவிரலை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. சார் கையைத் தூக்கப் பார்த்தார். பாதி தூரம் போய்ச் சட்டை பிடித்துக்கொண்டது. இன்னொரு தடவை முயற்சி செய்தார். முகம் ஜிவ்வென்று சிவந்தது.

"நீங்க எங்கம்மா வேலை பாக்குறீங்க?"

"கார் சீட் கவர் தைக்கிற இடத்துல."

"அதானே பாத்தேன்." சிஸ்டர் நாடாவை அவிழ்த்தார். சார் பெருமூச்சு விட்டார். நிஜமாகவே விட்டார்.

கத்தரிக்குக் காதுமடல் சுட்டது. சீட் உறை என்பது சீட்டைவிட அரை விரல் சின்னதாக இருக்க வேண்டும். இழுத்து மாட்டினால்தான் சுருக்கம் விழாது. பட்டறையில் முதல் நாள் கற்றுக்கொடுத்த பாடம் அது. ஒன்பது வருடமாக யார் எந்த அளவைச் சொன்னாலும் அவள் கை தானாக அரை விரலை விழுங்கிவிட்டுத்தான் வெட்டும். மூன்று சட்டையிலும் அதைத்தான் செய்திருக்கிறது. அக்குளும் இறுக்கம், முதுகும் இறுக்கம். பிரித்து ஒட்டுப்போட்டாலும் தேறாது.

"சட்டைக்கும் உடம்புக்கும் நடுவுல கொஞ்சம் காத்து நிக்கணும்மா. அந்தக் காத்துதான் கதகதப்பு. அப்புறம், இவங்கெல்லாம் கையைத் தூக்கிட்டுத்தான் தூங்குவாங்க. சுத்திப் பாருங்களேன்."

கத்தரி பார்த்தாள். இருபத்தாறு நாளாக வந்துபோகிறவள், இன்றைக்குத்தான் பார்த்தாள். ஒரு பெட்டி விடாமல் அத்தனை பேரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு கிடந்தார்கள். கனவு யாருக்கெல்லாம் வேண்டும் என்று யாரோ கேட்டு, எனக்கு எனக்கு என்று கை தூக்கியதுபோல.

"பன்னெண்டு மணிக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவாரு. அந்நேரம் சரியா உடுத்தியிருந்தாதான் தொட்டில்ல போட விடுவாரு. எங்ககிட்ட இருக்கிறதெல்லாம் பெரிய சைஸ்."

மணி பத்தே கால்.

"பரவாயில்ல சிஸ்டர்," என்றாள் அக்கா. "அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

குரலில் ஏதோ ஒன்று இடித்தது. கத்தரி திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். ஏமாற்றமே இல்லை. பரீட்சையைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட பிள்ளையின் முகம் அது.

தாய்மார் அறைக்கு வந்ததும் கத்தரி விடவில்லை.

"உனக்கு நிம்மதியா இருக்கு, இல்ல?"

"உளறாத."

"மூஞ்சியப் பாத்தேங்கா."

அக்கா ஜன்னல் ஆவியில் விரலால் ஒரு கோடு கிழித்தாள். கோட்டுக்குப் பின்னால் ஒரு கீற்று மழை தெரிந்தது.

"ஆபீஸ்ல 'உடையும் பொருள்'னு ஒட்டின பார்சல் வந்தா நான் என்ன செய்வேன் தெரியுமா? பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிட்டுருவேன். பத்து வருஷத்துல என் கையால ஒண்ணுகூட உடைஞ்சதில்லன்னு மேலதிகாரி பாராட்டுறாரு. நான் தொட்டாத்தானே உடையறதுக்கு!" சிரிக்க முயன்றாள், வரவில்லை. "அந்தப் பெட்டி தப்பே பண்ணாதுடி. கண்ணே மூடாது. சூடு ஒரு புள்ளி குறைஞ்சா கத்துது. நான் அப்படி இருப்பேனா? ஒரு நாள் அசந்துட்டேன்னா?"

ஆறுதல் சொல்வதில் கத்தரி சுத்தப் பூஜ்யம். வேலை சொல்லத்தான் அவளுக்கு வரும்.

"பையைக் குடு."

"எதுக்கு?"

"இப்பப் போய்ப் புதுத்துணி வாங்கித் துவைச்சுக் காயவைக்க, மழை நமக்காக நிக்காது. உன் பையில இருக்கிறது மூணு தண்ணி பார்த்த பருத்தி. அதுல ஒண்ணை வெட்டப்போறேன்."

அக்கா பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இதையா? விளையாடுறியா? இதெல்லாம் அவனுக்குன்னு..."

"எவனுக்கு?"

பையின் மேல் அக்காவின் பிடி இன்னும் இறுகியது.

"அக்கா," கத்தரி அவள் எதிரில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கொழுகொழுன்னு பத்தாம் மாசம் வரேன்னவரு வரலக்கா. அவசரக்குடுக்கை ஒருத்தருதான் வந்திருக்காரு. உள்ள கையைத் தூக்க முடியாம அவரு முழிச்ச முழியப் பாத்தேல்ல?"

அக்கா மடியிலிருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு தாய் புரண்டு உட்கார்ந்தாள். பிறகு ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது. வெளிர்மஞ்சள் சட்டை ஒன்று வெளியே வந்தது. சோப்பு மணம்.

"ஒண்ணே ஒண்ணுதான்."

"ஒண்ணு போதும். இப்ப நீ உள்ள போய் அளவெடுத்துட்டு வா."

"சிஸ்டர்கிட்ட அளவு இருக்கே?"

"நம்பர்ல சொன்னா என் கை அரை விரலைச் சாப்பிட்டுரும். இந்தக் கையை நான் இன்னைக்கு நம்பல. உன் கையால அளந்துட்டு வா. சாண், விரல், அப்படி. அவரு கையைத் தூக்கியிருக்கும்போது அளக்கணும், ஞாபகம் வச்சுக்கோ."

இதுவரை அக்கா சாரை ஒற்றை விரலால்தான் தொட்டிருக்கிறாள். உள்ளங்காலில், அதுவும் பூவைத் தொடுவதுபோல. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தரி பார்த்தாள்: வட்டக் கதவுக்குள் அக்காவின் கை நுழைந்தது, நின்றது, விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. பிறகு முழுக் கையும் மெல்ல இறங்கி அந்தச் சின்ன மார்பின்மேல் படுத்தது. அளவெடுக்க ஒரு நிமிடம் போதும். கை ஆறு நிமிடம் அங்கேயே இருந்தது. சுவர்க் கடிகாரத்தை விட்டுக் கத்தரி பார்வையைத் திருப்பிக்கொண்டாள். போகட்டும், ஆறு நிமிடம்.

திரும்பி வந்த அக்கா கையை மடக்கவே இல்லை. விரித்தது விரித்தபடி முன்னால் நீட்டிக்கொண்டு வந்தாள், அளவு சிந்திவிடும் என்பதுபோல.

"தோள்லேர்ந்து இடுப்பு வரைக்கும் ஒரு சாண்டி. கரெக்டா ஒரு சாண். மார்பு சுத்தி ஒரு சாணும் நாலு விரலும். கை வந்து... என் நடுவிரலும் பாதி உள்ளங்கையும். அவ்வளவுதான் கையே!"

"மேஜைமேல வை."

மேஜையில் வெளிர்மஞ்சள் சட்டையைப் பிரித்துப் பரப்பி, அதன்மேல் அக்காவின் கையை வைத்து, கத்தரி சாக்கட்டியால் சுற்றிலும் குறித்தாள். இரண்டு விரல் தள்ளி இன்னொரு கோடு. அந்த இரண்டு விரல்தான் காற்றுக்கு. தன் தோள்பைக்குள்ளிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். முதல் வெட்டிலேயே முனை தானாகக் கோட்டுக்கு உள்ளே திரும்பியது.

"ஏய், ஏய்! உள்ள போகுது பாரு!"

"பழக்கம்க்கா, என்ன பண்ணச் சொல்ற!"

அக்கா எடுத்த கையைத் திரும்ப வைத்தாள். விரலை நன்றாக விரித்துத் துணிமேல் அழுத்திக்கொண்டாள்.

"எடுக்கமாட்டேன். என் விரலை வெட்டாம சுத்தி வா, பாப்போம்."

கத்தரியின் ஒன்பது வருடப் பழக்கம் அந்தக் கைக்கு முன்னால் ஜம்பம் காட்டமுடியாமல் ஒதுங்கிப் போனது. கத்தரிக்கோல் அக்காவின் விரல்களைச் சுற்றி, மணிக்கட்டைச் சுற்றி, பயந்து பயந்து ஊர்ந்து வந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலித் தாயும்தான்.

கைப்பகுதியைக் கீழ்நோக்கிச் சாய்க்காமல் மேல்நோக்கி வெட்டினாள். கத்தரியின் காலர் மடிப்புக்குள் எந்நேரமும் ஒரு மெல்லிய ஊசி குத்தியிருக்கும். அதை உருவி நூல் கோத்தாள். விளிம்பெல்லாம் வெளிப்பக்கம், உள்ளே வழவழ. நாடாவுக்கு அந்தச் சட்டையின் ஓரத்தையே கிழித்து மடித்துத் தைத்தாள். முடித்து உதறிப் பிடித்தபோது சட்டை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றது.

அக்கா பார்த்தாள். "என்னடி இது, போலீஸ்கிட்ட சரணடையிற சட்டையா?"

இருபத்தாறு நாளில் அவள் அடித்த முதல் ஜோக். கத்தரி ஊசியைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

பதினொன்று ஐம்பதுக்குச் சிஸ்டர் சட்டையை மாட்டிவிட்டார். சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. சார் கையைத் தூக்கினார். கை போய்க்கொண்டே இருந்தது, தலைக்கு மேலே போய்ச் சௌகரியமாகப் படுத்தது. நிறைய சுருக்கம், நிறைய மடிப்பு. பட்டறையில் இப்படி ஒன்று தைத்திருந்தால் மாஸ்டர் மூஞ்சியில் விட்டெறிவார். பெரிய டாக்டர் வந்தார், பார்த்தார், "ம்," என்றார். அவ்வளவுதான். சார் பெட்டியை விட்டுத் தொட்டிலுக்குக் குடிபெயர்ந்தார். அவருக்கும் உலகத்துக்கும் நடுவே இப்போது ஒரு வெளிர்மஞ்சள் துணியும் ஒரு போர்வையும்தான்.

ஒரு மணி. முப்பத்தாறு புள்ளி எட்டு.

கத்தரியின் போன் அதிர்ந்தது. மாமா. அக்கா புருஷன், லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தின் எந்தக் குழிக்குள் தொங்கிக்கொண்டு பேசுகிறாரோ, குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல வந்தது.

"எவ்ளோ?"

"முப்பத்தாறு எட்டு. சூப்பர் மாமா!"

"சரி." வைத்துவிட்டார்.

இரண்டு மணி. முப்பத்தாறு புள்ளி ஆறு. மறுபடி மாமா. "எவ்ளோ?"

"ஆறு. மாமா, அக்கா பக்கத்துலதான் இருக்கா, தரட்டுமா?"

"வேணாம் வேணாம். நீ சொன்னா போதும்."

வேலை மும்முரம்போல என்று கத்தரி விட்டுவிட்டாள். மழைச் சத்தமும் மெஷின்களின் 'ம்ம்ம்'மும் ஒன்றோடொன்று கலந்து, வார்டே ஒரு பெரிய தாலாட்டாக ஆகிவிட்டிருந்தது. அக்கா தொட்டிலின் விளிம்பில் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தாள். சாரின் உதடு எதையோ உறிஞ்சுவதுபோல அசைந்தது. கனவில் அவருக்கு என்ன தெரியும்? இதுவரை பார்த்ததே நீல வெளிச்சமும் சிஸ்டரின் கையும்தானே. இன்றைக்குக் கூடுதலாக வெளிர்மஞ்சள். கத்தரியின் இமைகள் தானாக இறங்கின.

"முப்பத்தாறு நாலு."

சிஸ்டரின் குரல் கேட்டுத் தூக்கிவாரிப்போட்டது. மணி மூன்று.

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. "நான் அப்பவே சொன்னேன். அடுத்த வாரம்னு சொன்னேன்ல?"

சிஸ்டர் மார்பைத் தொட்டுப் பார்த்தார், பாதத்தைத் தொட்டார், தலையைத் தொட்டதும் உச்சுக்கொட்டினார். வார்டில் கொடுத்திருந்த குல்லா எப்போதோ நழுவிப் போர்வை மடிப்புக்குள் கிடந்தது. நிறைமாதத் தலைக்கான குல்லா அது. "சூடெல்லாம் உச்சி வழியாப் போயிட்டிருக்கு. சீட் கவர் தைக்கிறவங்க ஹெட்ரெஸ்டை மறக்கலாமாம்மா?" என்றார் கத்தரியிடம். சிரிப்பு இருந்தது, உடனே மறைந்தது. "முதல் தடவைங்கிறதால ஒரு மணி நேரம் பொறுக்கலாம், நாலு மணிக்கு மறுபடி பாப்பேன். அப்பவும் ஏறலேன்னா பெட்டிதான். பெரிய டாக்டர் உத்தரவு, என் கையில ஒண்ணும் இல்ல."

வெட்டியது போக வெளிர்மஞ்சள் சட்டையில் ஒரு நீளப் பட்டை மிச்சம் இருந்தது. கத்தரி அதை எடுத்துக்கொண்டு தாய்மார் அறைக்கு ஓடினாள். ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். ஊசிக்கு இரண்டு காது தெரிந்தது. விடியற்காலையிலிருந்து முழித்த கண். மூன்றாவது முறையும் நூல் தவறியது.

பின்னாலேயே வந்த அக்கா கையை நீட்டினாள். "குடு."

"உனக்குத் தைக்க வராதேக்கா."

"தெரியும். குடு."

அக்கா இடது கையை மூடி முஷ்டியாக்கினாள். அதன்மேல் கைக்குட்டையை ஒரு சுற்று சுற்றினாள். பார்த்தாள். தலையை ஆட்டிக்கொண்டு இன்னொரு சுற்று. பாதிச் சுற்றை அவிழ்த்தாள். "இவ்ளோதான்டி தலை. பிடரியில லேசா ஒரு மேடு இருக்கு, இதோ, இந்த இடத்துல." பட்டையை அந்த முஷ்டிமேல் சுற்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தாள். கத்தரி துணியைப் பிடித்துக்கொள்ள, தையல் ஒரு இடத்தில் எறும்பாகவும் இன்னொரு இடத்தில் ஒட்டகமாகவும் போனது. உச்சியில் துணியைக் கொத்தாகக் கூட்டி, ஒரு நாடாத் துண்டைப் போட்டுச் சரக்கென்று இறுக்கினாள்.

"என்ன முடிச்சு இது?"

"பார்சல் முடிச்சு. பத்து ஊர் தாண்டினாலும் அவிழாது."

மூன்று இருபத்தைந்து. குல்லா சாரின் தலையில் ஏறியது. கோணல்தான். உச்சியில் கொண்டையோடு, யாருக்கோ அனுப்பக் கட்டிவைத்த சின்னப் பொட்டலம் மாதிரி இருந்தார். ஆனால் நழுவவில்லை. இரண்டு காதையும் பிடரி மேட்டையும் கவ்வி உட்கார்ந்தது.

அந்த முப்பத்தைந்து நிமிடத்தை எப்படி எழுதுவது? ஒன்றுமே நடக்கவில்லை. அக்கா நின்றுகொண்டே இருந்தாள். கத்தரி மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு முறை அது நின்றுவிட்டது என்று சந்தேகப்பட்டாள். மழை மட்டும் பெய்தது.

நாலு மணி. சிஸ்டர் அக்குளில் வெப்பமானியை வைத்து, எடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"முப்பத்தாறரை."

"அப்படின்னா?" என்றாள் அக்கா.

"அப்படின்னா கோட்டைத் தொட்டுட்டு நிக்குறாரு. நிக்கட்டும், பாப்போம்."

ஐந்து மணிக்கு முப்பத்தாறு புள்ளி ஆறு. மாமாவின் போன் வந்தது. கத்தரி நடைக்கு வந்து கிசுகிசுத்தாள். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. "மாமா, முடிஞ்சா வந்துருங்க, ஆறு மணிக்கு நீங்க இருக்கணும்." பாதியிலேயே போன் செத்தது.

ஆறு மணிக்கு மழை விட்டிருந்தது. ஜன்னல்களில் ஒரு சாம்பல் பொன்னிற வெளிச்சம், வார்டின் நீலத்தோடு கலந்து, எல்லோருடைய முகத்தையும் தூக்கத்தில் பார்க்கிற முகமாக ஆக்கியிருந்தது. சிஸ்டர் வெப்பமானியைப் பார்த்தார். வேண்டுமென்றே கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார் என்று கத்தரி பிற்பாடு அடித்துச் சொன்னாள்.

"முப்பத்தாறு ஏழு. சார் பாஸ்."

கத்தரி வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். சிஸ்டர் கண்ணாடிப் பெட்டியின் பின்னால் போய் ஸ்விட்சை அணைத்தார். இருபத்தாறு நாளாகக் காதுக்குள் இருந்த ஒரு 'ம்ம்ம்' அடங்கியது. அடங்கிய பிறகுதான் அது அவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிந்தது. ஊழியர் ஒருவர் வந்து பெட்டியைத் துடைக்கக் கீழே உருட்டிக்கொண்டு போனார். பக்கத்து வார்டில் இன்னொருவர் அதற்காகக் காத்திருக்கிறாராம்.

"உக்காருங்கம்மா," என்று சிஸ்டர் அக்காவை நாற்காலியில் அழுத்தினார். "இன்னைக்கு நீங்க இங்கதான். மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால். தூக்கம் வந்தா எங்களைக் கூப்பிட்டுட்டுத் தூங்குங்க, யாரும் மார்க் குறைக்க மாட்டோம்." சாரைத் தூக்கி அவள் மடியில் வைத்தார்.

அக்காவின் கைகள் முதலில் தூரமாகவே நின்றன. பிறகு ஒன்று முதுகுக்கு அடியில் போனது. மற்றது குல்லாவுக்கு அடியில். சார் கையைத் தூக்கி நெளிந்து, கொட்டாவி விட்டு, அவள் மணிக்கட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டார்.

"கனமா இருக்காருடி," என்றாள் அக்கா, ஆச்சரியமாக. "பெட்டிக்குள்ள பாத்தா காத்து மாதிரி தெரிஞ்சாரு."

"இரு, மாமாவுக்குச் சொல்லிட்டு வந்துடறேன். மனுஷன் அங்க உயிரைப் பிடிச்சுட்டுக் கிடக்குறாரு, மணிக்கொரு போன்!"

"எனக்கு ஒண்ணுகூட வரலையே."

கத்தரி போனை எடுத்த கை அப்படியே நின்றது.

"என்னக்கா சண்டையா?"

"சண்டை போடணும்னா பேசணும்ல? இருபத்தாறு நாளா அவருக்கு என் முகத்தைப் பாக்கத் தைரியம் இல்ல. எனக்கும் கேக்கத் தைரியம் இல்ல."

"எதைக் கேக்க?"

சிஸ்டர் அடுத்த தொட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். அக்கா குனிந்து சாரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோணல் குல்லாவை இரண்டு விரலால் மெதுவாகக் கீழே இழுத்து, இரண்டு காதையும் நன்றாக மூடிவிட்டாள். அதற்குப் பிறகுதான், கத்தரிக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"இவரு பொறந்தப்போ நான் மயக்கத்துல இல்லடி. மாமா டாக்டர்கிட்ட சொன்னது எனக்குக் கேட்டுச்சு."